உறுப்பு எண் ஏழு, தேங்காய்ச் சுவை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுத உட்காருவதற்கு முன் கடல் தேவி கோயிலுக்குப் போய், குறி கேட்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் கையில் ஏந்தி, "நடந்ததை நடந்தபடி சொல்லலாமா தாயே?" என்று கேட்டுத் தரையில் போட்டேன். முதல் தடவை இரண்டு கட்டையும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தன. தேவி சிரிக்கிறாள் என்று பொருள். இரண்டாம் தடவையும் சிரித்தாள். மூன்றாம் தடவை ஒன்று தட்டையாகவும் ஒன்று குப்புறவும் விழுந்தது. அது சம்மதம். மூன்றில் ஒன்று என் வயதுக்காரனுக்குப் போதும்.

பான் வென்தாங்குக்குத் தைனான் கடற்கரையில், எங்கள் ஊரில், மூன்று குளங்கள். பால்கெண்டை வளர்த்தான். முப்பதாயிரம் மீன். மீன் என்றால் தண்ணீரில் சும்மா கிடக்கும், கஞ்சியில் போடும் வரை வேலையில்லை என்று நகரத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். காற்றில்லாத புழுக்க நாளில் குளத்துத் தண்ணீரில் மூச்சுக்காற்று குறைந்துபோகும். அப்போது துடுப்புச் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை அடிக்க வேண்டும். அரை மணி நேரம் தாமதித்தால் குளம் முழுக்க வெள்ளை வயிறுதான்.

அந்தச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டது ஒரு பெட்டி. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினிப் பலகை. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. தண்ணீரை மோந்து பார்க்கும், சக்கரத்தைப் போடும், அணைக்கும். பதினோரு வருடம் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டே வேலை பார்த்தது. ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை செத்தது. ஊரில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிப் பிழைத்தவன் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். விரலை எச்சிலில் நனைத்துத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "முடிஞ்சுது" என்றேன்.

வென்தாங் அதே கம்பெனியின் புதிய பலகையை வாங்கிவந்தான். அதே நீளம், அதே அகலம், அதே ஓட்டைகள். நான்கு திருகு, இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்குள் மீன்வளக் கண்காணிப்பாளர் ஒருவர் வந்து, பெட்டியைத் திறந்து படம் பிடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டு, சிவப்பு முத்திரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். முத்திரையைக் கிழித்தால் குளத்து மின் இணைப்பு போகும். கிழிக்க அனுமதி வேண்டுமென்றால், புதிய பலகையின் இயல்புகள் பழையதற்கு நிகரானவை என்று சின்சூ நகரத்தில் இருக்கும் பதிகணினிப் பலகை இயல்புச் சான்றகம் சொல்ல வேண்டும்.

அதுவரை சக்கரங்களைக் கையால்தான் போட வேண்டும். வென்தாங் ஆறு மணி நேரம், அவன் மனைவி சுய்லான் ஆறு மணி நேரம் என்று மூச்சுக்காற்றை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, எண் இறங்கினால் சுவிட்சைப் போட்டார்கள். அவன் சின்சூ போகும் நாட்களில் சுய்லான் மட்டும்.

என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்கு அந்தப் பலகையின் விவரப் புத்தகம் புரியாது. எனக்கும் புரியாது, ஆனால் என்னிடம் மூக்குக்கண்ணாடி இருந்தது. நான் அவனோடு போகாமல் குளத்தருகே இருந்து சுய்லானுக்கு மாற்றாளாக நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது ரயிலில் சன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தது.

சான்றகத்தின் வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது: "சான்று இல்லாத இயல்பு, இயல்பே அல்ல." கவுண்டரில் ஃபூ அம்மையார் என்று ஒருவர். நாற்பத்தாறு பக்க விவரப் புத்தகத்தை எடை பார்ப்பதுபோல் கையில் வாங்கினார்.

"இதுல நூத்துப் பன்னெண்டு இயல்பு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விண்ணப்பம்."

"அம்மா, எனக்கு ஒரே ஒரு இயல்புதான் வேணும். சக்கரத்தைப் போடணும்."

"அது இந்தப் பட்டியல்லயே இல்லியே" என்றார் ஃபூ அம்மையார், உண்மையாகவே வருத்தப்பட்டு.

நூற்றுப் பன்னிரண்டையும் ஆராயும் பொறுப்பு துணை இயக்குநர் ஷென் அவர்களுடையது. கையில் எப்போதும் வெள்ளைக் கையுறை. பலகையை மட்டுமல்ல, தேநீர்க் கோப்பையையும் அப்படித்தான் தொடுவார். வெப்பநிலையில் ஆரம்பித்தார்.

"பூஜ்யத்துக்கு நாப்பது டிகிரி கீழேயும் வேலை செய்யும்னு போட்டிருக்கு. செஞ்சுது. நாலு நாள் உறைபெட்டியில வச்சுப் பாத்தோம். பிரமாதம். இப்ப சொல்லுங்க பான் ஐயா, உங்க பால்கெண்டை எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்?"

"பத்துக்குக் கீழே போனா செத்துடும் ஐயா."

"அப்போ அந்த நாப்பது டிகிரிக் குளிர்ல இது யாருக்காக வேலை செய்யுது?"

வென்தாங் என்னைப் பார்த்தான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

"பயனாளி இல்லாத இயல்பு மிகை இயல்பு. ஏன் வச்சிருக்கீங்கன்னு காரணம் எழுதிக் குடுங்க."

வென்தாங் யோசித்து, "வாங்கும்போதே இருந்தது" என்று எழுதினான். "இது காரணம் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம்" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நான் சொல்லி, "எதிர்பாராமல் பனிக்காலம் வந்தால் மீன்களின் நினைவாக" என்று எழுதினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது காவல் கடிகாரம். பலகைக்குள் ஒரு சிறு கடிகாரம் உண்டு. பலகை சில நொடிக்கு ஒருமுறை அதற்கு "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பலகை மயங்கிவிட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து எழுப்பும். ஷென் அவர்களுக்கு இதைப் பேசும்போதே கண் கலங்கியது.

"முப்பது வருஷ சேவையில நான் பாத்த இயல்புகள்லயே மேலானது இதுதான். மனுசனுக்கு இது கிடையாதேன்னு வருத்தப்பட்டேன். அதனால விண்ணப்பதாரர்களுக்கும் கொண்டுவந்தோம்."

கவுண்டர் ஓரத்தில் ஒரு பொத்தான். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை விண்ணப்பதாரர் வந்து அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அவர் கோப்பு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும். முதல் நாள் வென்தாங் கழிப்பறையில் இருந்தபோது ஒரு தடவை தொடங்கியது. பெட்டிச் சோறு வாங்க வெளியே போனபோது இன்னொரு தடவை. அதன்பிறகு நானும் அவனும் மாற்றி மாற்றி அழுத்தினோம். இருநூறு கிலோமீட்டர் தெற்கே சுய்லான் வேறொரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அங்க எப்படி இருக்கு?" என்று ஃபோனில் கேட்டான்.

"மீனு நல்லா இருக்கு. நான்தான் நேத்து நின்னுகிட்டே தூங்கி ரெண்டாம் குளத்துல விழுந்தேன்."

"அடிபட்டுச்சா?"

"நனைஞ்சுது. நீ கையெழுத்த வாங்கிட்டு வா."

இரண்டாம் வாரம் பழுதுக்கு வந்தார்கள்.

"இரண்டு பழுதுகளுக்கு இடையிலான சராசரிக் காலம் ஆறு லட்சம் மணி நேரம்னு இருக்கு" என்றார் ஷென். "எத்தனை தடவை பழுதாச்சு?"

"ஆகலைங்க. புதுசு."

"அப்ப எப்படி அளக்கறது? முதல்ல ஒரு பழுது ஆகணும். சரி பண்ணணும். மறுபடி ஒரு பழுது ஆகணும். நடுவுல இருக்கறதுதான் காலம்."

"ரெண்டு தடவை பழுதான பலகைய வச்சு நான் என்ன பண்றது ஐயா?"

"பழுதே ஆகாத பொருளை நாங்க நம்பறதில்லை பான் ஐயா. அதுக்கு அனுபவம் பத்தாது."

ரயில் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஆறு லட்சம் மணி நேரம் என்றால் அறுபத்தெட்டரை வருடம். சட்டம் மனிதாபிமானத்தோடு ஒரு வழி வைத்திருந்தது. அறுபத்தெட்டரை வருடம் கழித்துப் பழுதை நேரில் வந்து தெரிவிக்க ஒரு வாரிசை நியமித்தால் தற்காலிக ஒப்புதல் தருவார்கள். வென்தாங்குக்கு ஒரே மகள், தைபேயில் பல் மருத்துவரிடம் வேலை, கல்யாணம் வேண்டாம் என்கிறாள். "பிறக்கக்கூடிய பேரன்" என்று எழுதினான். எழுதியதைப் படித்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

பதினைந்து வருடம் சந்தையில் கிடைக்கும் என்பது இன்னொரு இயல்பு. அதை எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்டதற்கு, ஷென் எங்களை மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். சுவர் நெடுகக் கண்ணாடி அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, பட்டுத்துணி மேல். ஓர் எழுத்தர் காலையில் வந்து ஒவ்வொன்றையும் பார்த்து, "கிடைக்கிறது" என்று குறித்துக்கொள்வார். ஓர் அலமாரிமேல் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

"இது பதினாலாவது வருஷம்" என்றார் ஷென் தாழ்ந்த குரலில். "அடுத்த மார்ச்ல முடியுது. விழாக் குழு போட்டாச்சு."

"இதைச் செஞ்ச கம்பெனி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது வருஷமே மூடிட்டாங்க. ஆனா பாருங்க, கிடைக்குது." கண்ணாடியை மெல்லத் தட்டிக் காட்டினார்.

இப்படியாக நூற்றுப் பன்னிரண்டு இயல்புகளும் நிபந்தனையோடும் வாரிசோடும் நினைவஞ்சலியோடும் தேறின. பதினேழாம் நாள் ஷென் எங்களை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்தார். 

"பலகை முடிஞ்சுது. இனிமே உறுப்பு."

கண்காணிப்பாளர் எடுத்த படம் மேசைமேல் இருந்தது. பெட்டிக்குள் இருந்தவற்றின் பட்டியலும். ஒன்று, பலகை. இரண்டு, வெப்பத் தகடு. மூன்று, மின் வழங்கி. நான்கு, உணரி. ஐந்து, ரிலே. ஆறு, ஏரியல். ஏழு, பச்சைப் பொட்டலம்.

எங்கள் நாட்டில் எந்த இயந்திரம் ஒழுங்காக ஓட வேண்டுமோ அதன்மேல் ஒரு பொட்டலம் சோளப்பொரி வைப்போம். தேங்காய்ச் சுவை, பச்சை உறை. மஞ்சள் உறையை வைத்தால் இயந்திரம் படுத்துக்கொள்ளும். பிரிக்கக் கூடாது. தின்னக் கூடாது. உறையில் போட்டிருக்கும் தேதி தாண்டக் கூடாது. மருத்துவமனையில் வைக்கிறார்கள், வங்கியில் வைக்கிறார்கள். சான்றகத்தின் பெரிய பதிவுக் கணினிமேல் பதினொன்று வைத்திருந்தார்கள், எண்ணினேன்.

"உங்க பழைய உறுப்பு ஏழோட தேதி என்ன தெரியுமா?" என்றார் ஷென்.

வென்தாங்குக்குக் காது சிவந்துவிட்டது.

"பலகை செத்ததுக்கு மூணு நாள் முந்தி முடிஞ்சிருக்கு."

அது எனக்கே அப்போதுதான் தெரியும். பிறகு நடைபாதையில் வென்தாங் சொன்னான்: "சுய்லான் சொல்லிக்கிட்டே இருந்தாண்ணே. பொட்டலத்த மாத்து, தேதி வருதுன்னு. மீன் விக்கப் போனேன், மறந்துட்டேன். நான்தான் அதக் கொன்னேன்."

"உப்புக்காத்துடா."

"பதினோரு வருஷமா வராத உப்புக்காத்தா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை.

சிக்கல் இதுதான். நிகர்த்தன்மை என்றால் புதிய பொட்டலமும் பழையதைப்போலத் தேதி கடந்ததாக இருக்க வேண்டும். தேதி கடந்த உறுப்பைப் பொருத்துவதோ விதி முப்பத்தொன்றின்படி குற்றம். தேதி கடக்காததை வைத்தால் நிகரில்லை. கடந்ததை வைத்தால் சிறை.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் ஷென். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். சன்னலையும் சாத்தினார். "உறுப்பு ஏழுக்கு எந்தச் செயல்பாடும் கிடையாதுன்னு நீங்க உறுதிமொழி குடுத்துட்டா, அதைப் பட்டியல்லேர்ந்தே எடுத்துடலாம். அஞ்சு நிமிஷத்துல சான்று."

வென்தாங் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அத எப்படிங்க நான் வாயால சொல்றது?"

"எனக்குப் புரியுது."

"நீங்க சொல்வீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு ரெண்டு குழந்தைங்க, வீட்டுல குளிர்பதனப்பெட்டி இருக்கு." ஷென் கையுறையைக் கழற்றினார். அவர் கையை அன்றுதான் பார்த்தேன், சின்னக் கை. "பான் ஐயா, நான் அதிகாரி. பொட்டலம் வேலை செய்யுதுன்னும் என்னால எழுத முடியாது, செய்யலைன்னும் எழுத முடியாது. அதுக்குத்தான் விண்ணப்பதாரர்னு ஒருத்தரை அரசாங்கம் வச்சிருக்கு."

வென்தாங் முடியாது என்று எழுந்துவிட்டான். அப்போது ஃபோன் அடித்தது.

"வென்தாங், எப்ப வர்றே?" சுய்லானின் குரல் குழறியது. "மேகம் மூடிக்கிடக்கு. இலை அசையல. மீட்டர் மூணுலயே நிக்குது. எனக்குக் கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிது."

"சக்கரத்தப் போடு. பாட்டுப் பாடிக்கிட்டே இரு. தூங்கிடாதே."

"மோட்டாரு சூடாயிடுச்சு, அணைச்சு வச்சிருக்கேன். ஆறினதும் போடணும். அதுவரைக்கும் முழிச்சிருக்கணும்."

"இரு. வந்துடறேன்."

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "குடுங்க, சொல்றேன்" என்றான்.

உறுதிமொழியைக் கூடத்தில், பதிவுக் கணினியின் முன் நின்று, உரத்த குரலில் படிக்க வேண்டும் என்பது விதி. செய்தி பரவி, ஊழியர்கள் ஒவ்வொருவராகக் காதில் விரலை வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஃபூ அம்மையார் ஓடிப்போய்த் தன் கம்பளிச் சட்டையைக் கணினிமேல் போர்த்தினார். அதற்குக் காது எந்தப் பக்கம் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் இழுத்து விட்டார்.

வென்தாங் படித்தான். "உறுப்பு எண் ஏழுக்கு எந்தச் செயல்பாடும் இல்லையென்று மனமறிந்து உறுதி கூறுகிறேன்."

கம்பளிக்கு அடியில் பச்சை விளக்கு மஞ்சளாகி, அணைந்தது. விசிறி நின்றது. அந்தக் கூடத்தில் அத்தனை நாளும் ஓர் இரைச்சல் இருந்தது என்பதே அது நின்றபிறகுதான் தெரிந்தது.

"பொட்டலம் பதினொண்ணும் மேலதானே இருக்கு. அப்புறம் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கு மனசு நோகாதா?" என்றார் ஃபூ அம்மையார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஷென் மறுபடி கையுறையை மாட்டினார். குரல் மாறிவிட்டது. "அனைவரும் பார்த்தீர்கள். உறுப்பு ஏழுக்குச் செயல்பாடு இருப்பது இக்கூடத்தில் நிரூபணமாகிவிட்டது. இல்லையென்று உறுதி கூறியவர் பொய்யுறுதி கூறியவராகிறார். விண்ணப்பம் தள்ளப்படுகிறது. சான்றகத்தின் வரலாற்றில் ஓர் இயல்பு இவ்வளவு தெளிவாக வெளிப்பட்டதில்லை. பான் ஐயாவுக்கு நம் நன்றி."

கைதட்டினார்கள். வென்தாங்கும் இரண்டு தடவை தட்டினான், பாவம், எல்லோரும் தட்டுகிறார்களே என்று.

ஊர் வந்து சேர்ந்தபோது மாலை வெயில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. குளக்கரையில் சிவப்பு நெகிழி முக்காலியில் சுய்லான் உட்கார்ந்திருந்தாள். தலை சுவிட்ச் கம்பத்தில் சாய்ந்திருந்தது. வலது கை சுவிட்சின் மேல், போடுவதற்குத் தயாராக. வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று குளமும் வெள்ளையாக இருந்தன. கரையிலிருந்து கரை வரை, வயிறு மேலாக.

அவளை எழுப்பக் குனிந்தேன். வென்தாங் என் கையைப் பிடித்தான்.

"தூங்கட்டும்ணே. பதினேழு நாளாச்சு."

மீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துடைத்து, உறையில் போட்டான். பிறகு அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்துகொண்டான். இருட்டும் நேரத்தில் அவளாகவே கண் விழித்து, குளத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்பாடா" என்றாள். பிறகுதான் நாற்றம் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் மாதம் சான்றிதழ் வந்தது. கணினி படுத்ததில் வென்தாங்கின் கோப்பு அழிந்துபோனதாம். மறுப்பதற்கான காரணம் எதுவும் பதிவில் இல்லாததால் ஒப்புதல் அளிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஷென் அவர்களே நேரில் வந்து, வெள்ளைக் கையுறையால் சிவப்பு முத்திரையை உரித்தார். நான் நான்கு திருகையும் முடுக்கினேன். இரண்டு நிமிடம். சுய்லான் புதுப் பச்சைப் பொட்டலம் ஒன்றை, தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, மேலே வைத்தாள். பலகை விழித்தது. தண்ணீரை மோந்து பார்த்தது. என்ன நினைத்ததோ, மூன்று குளத்துச் சக்கரங்களையும் ஒரே நேரத்தில் போட்டது. வெறும் தண்ணீரை அவை அடித்துக்கொண்டே இருந்தன. ஷென் தலையை ஆட்டி ரசித்தார். "நூத்துப் பன்னெண்டு இயல்பும்" என்றார், "குறையே இல்லை." வென்தாங் சுவிட்ச் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு தகவல் விட்டுப்போயிற்று: அந்த மூன்று குளங்களும் இதெல்லாம் நடந்ததாகச் சொன்ன வருடத்துக்கு முந்தைய வருடமே மண்ணடித்து மூடப்பட்டு, மேலே சூரிய மின்தகடுகள் போடப்பட்டுவிட்டன. தேவி இரண்டு தடவை சிரித்தது அதற்காகத்தான் இருக்கும்.